செய்நிரலின் மூலம் ஆவணக் கோப்புகளை ஆக்குதல்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம், செய்நிரலாக்கம் ஆகியவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளாகக் கற்கின்றீர்கள். பரீட்சை வினாத்தாளிலும் அவை பெரும்பாலும் தனித்தனி வினாக்களாகவே வரும். ஆனால் அலுவலகத்திலும் பாடசாலையிலும் உண்மையான வேலையொன்றைச் செய்யும்போது இந்நான்கும் ஒரே மேசையிற் சந்திக்கின்றன. அவ்வாறு சந்திக்கும் இடமொன்றையே இக்கட்டுரை விளக்குகின்றது. இதனை ஒருமுறை விளங்கிக்கொண்டால் நான்கு அலகுகளையும் ஒன்றாக மீட்டியதாக அமையும்.

1. பிரச்சினை என்ன?

ஒரு வகுப்பில் 140 மாணவர்கள் உள்ளனர் எனக் கொள்க. தவணைப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் ஒரு முன்னேற்றக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தின் தலைப்பு, வணக்கம், விளக்கம், கையொப்ப இடம் ஆகியன எல்லோருக்கும் ஒன்றே. பெயர், சுட்டெண், பாடப் புள்ளிகள், ஆசிரியர் குறிப்பு ஆகியன மட்டும் ஆளுக்காள் வேறுபடும்.

அதாவது, கடிதத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன.

(அ) மாறாத பகுதி: இது கடிதத்தின் வடிவம்.
(ஆ) மாறும் பகுதி: இது தரவு.

நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் இவ்வேலையைக் கையாற் செய்தேன். ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்து, அதனைப் பிரதி எடுத்து, பெயரையும் புள்ளிகளையும் அழித்து அழித்து மாற்றினேன். எனது வகுப்பில் ஒரே பெயருடைய மாணவியர் இருவர் இருந்தனர். முதலெழுத்து மட்டுமே வேறு. நள்ளிரவு தாண்டிய வேளையில் ஒருத்தியின் புள்ளிகளை மற்றையவளின் கடிதத்தில் இட்டுவிட்டேன். 71 புள்ளி பெற்ற பிள்ளையின் வீட்டுக்கு 28 என்று கடிதம் போனது. அடுத்த வாரம் அவள் வகுப்பிற்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் தாயாருடன் வந்தபோதுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனிதர் களைப்படைவர். களைப்பில் தவறு நேரும். கணினி களைப்படைவதில்லை. ஆகவே இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது நியாயமானது. எவ்வாறு ஒப்படைப்பது, ஒப்படைத்த பின் எமது பொறுப்பு என்ன என்பனவே இனி வருவன.

2. செய்நிரல் நூலகம் என்றால் என்ன?

வரைவிலக்கணம்: பலருக்கும் அடிக்கடி தேவைப்படும் வேலைகளைச் செய்வதற்காக முன்கூட்டியே எழுதி, சோதித்து, வேறு செய்நிரல்களிற் பயன்படுத்தக்கூடியவாறு தொகுத்து வைக்கப்பட்ட உபசெய்நிரல்களின் தொகுதி செய்நிரல் நூலகம் எனப்படும்.

இது உங்களுக்கு முற்றிலும் புதியதன்று. பஸ்காலில் ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் காண்பதற்குச் சார்பொன்றின் பெயரை எழுதினாற் போதும். வர்க்கமூலம் காணும் படிமுறையை நீங்கள் எழுதுவதில்லை. வேறொருவர் எழுதி வைத்ததை அழைக்கின்றீர்கள்.

அதேபோல ஆவணங்களை ஆக்குவதற்கென எழுதப்பட்ட நூலகங்களும் உண்டு. சில உதாரணங்கள்:

• பைதன் மொழிக்கான பைதன்-டொக்ஸ்: வேர்ட் ஆவணங்களை ஆக்கும்.
• பைதன் மொழிக்கான ரிப்போர்ட்லாப்: பிடிஎஃப் ஆவணங்களை ஆக்கும்.
• ஜாவா மொழிக்கான அப்பாச்சி பிஓஐ: வேர்ட் ஆவணங்களையும் எக்செல் விரிதாள்களையும் ஆக்கவும் வாசிக்கவும் உதவும்.

இம்மூன்றும் திறந்த மூல மென்பொருள்களாகக் கிடைக்கின்றன. அவற்றின் மூலக் குறிமுறையை எவரும் பார்வையிடலாம். இக்கட்டுரையில் பைதன்-டொக்ஸ் நூலகத்தையே பிரதான உதாரணமாகக் கொள்வோம்.

கவனிக்க: பைதன்-டொக்ஸ் வேர்ட் மென்பொருளைத் திறந்து அதனை இயக்குவதில்லை. கணினியில் வேர்ட் நிறுவப்பட்டிருக்க வேண்டியதும் இல்லை. நூலகம் கோப்பை நேரடியாகவே எழுதுகின்றது. வேர்ட் இல்லாமல் வேர்ட் கோப்பை எழுதுவது எங்ஙனம் சாத்தியம்? அதற்குக் கோப்பின் உள்ளே பார்க்க வேண்டும்.

3. வேர்ட் கோப்பின் உள்ளே இருப்பது என்ன?

வேர்ட் 97 முதல் வேர்ட் 2003 வரையான பதிப்புகள் ஆவணங்களை டொக் எனும் நீட்சியுடைய துவிதக் கோப்புகளாகச் சேமித்தன. அவற்றின் உள்ளமைப்பை வெளியார் விளங்கிக்கொள்வது கடினமாக இருந்தது. வேர்ட் 2007 உடன் டொக்ஸ் எனும் நீட்சியுடைய புதிய வடிவம் இயல்பான வடிவமாகியது. இப்புதிய வடிவம் 2006 இல் எக்மா அமைப்பின் நியமமாகவும் 2008 இல் சர்வதேச நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நியமம் என்பது எல்லோரும் வாசிக்கத்தக்க எழுத்து மூலமான விதி. விதி தெரிந்தால் எவரும் அவ்விதிப்படி கோப்பை எழுதலாம். பைதன்-டொக்ஸ் செய்வதும் இதுவே.

டொக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு தனிக் கோப்பன்று. பல சிறிய கோப்புகளைச் சிப் முறையிற் சுருக்கிக் கட்டிய ஒரு பொதியே அது. பொதியினுள் பிரதானமாக இருப்பவை:

(i) ஆவணத்தின் பந்திகளையும் அட்டவணைகளையும் கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பு
(ii) எழுத்தின் அளவு, தலைப்பு வகை முதலிய பாணிகளைக் கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பு
(iii) ஆவணத்திற் படங்கள் இருப்பின் அப்படக் கோப்புகள்
(iv) எந்தக் கோப்பு எதனுடன் தொடர்புடையது எனக் கூறும் தொடர்புக் கோப்புகள்

எக்ஸ்எம்எல் என்பது 1998 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரைத்த குறிமொழியாகும். எச்ரிஎம்எல் ஒட்டுகளைப் போலவே இதிலும் தொடக்க ஒட்டும் முடிவு ஒட்டும் உண்டு. டொக்ஸ் கோப்பில் ஒரு பந்தி முழுவதும் ஓர் ஒட்டினுள் அடங்கும். பந்தியினுள் ஒரே தோற்றமுடைய எழுத்துத் தொடர் ஒவ்வொன்றும் 'ஓட்டம்' எனும் உள் ஒட்டினுள் அடங்கும். "உங்கள் பிள்ளை 71 புள்ளி பெற்றுள்ளார்" என்ற வாக்கியத்தில் 71 மட்டும் தடித்த எழுத்தில் இருப்பின், அவ்வாக்கியத்தில் மூன்று ஓட்டங்கள் இருக்கும்: 71 இற்கு முன்னுள்ளது, 71, அதற்குப் பின்னுள்ளது. இந்த ஓட்டம் என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

செய்து பார்க்க: உங்களிடமுள்ள ஒரு டொக்ஸ் கோப்பைப் பிரதி எடுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம். பிரதியின் நீட்சியைச் சிப் என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் தெரியும். சிப் கோப்பொன்றின் முதல் இரு பைற்றுகளின் பெறுமானம் 80, 75 ஆகும். அஸ்கிக் குறிமுறையில் இவை பி, கே என்னும் ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும். சிப் வடிவத்தை ஆக்கிய பில் கட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகளே இவை. டொக்ஸ் கோப்பும் இதே இரு பைற்றுகளுடன் தொடங்குவது அது ஒரு சிப் பொதி என்பதற்குச் சான்றாகும்.

4. நூலகம் எமக்காகச் செய்யும் வேலை

ஒட்டுகள் அனைத்தையும் நாமே எழுதிச் சிப் பொதியாகக் கட்டலாம். ஆனால் ஓர் ஒட்டு மூடப்படாது விடுபட்டாலும் கோப்பு பழுதடைந்ததாகக் கூறி வேர்ட் அதனைத் திறக்க மறுக்கலாம். நூலகம் அச்சுமையைத் தன்மேல் ஏற்கின்றது. நாம் கட்டளையிடுவது பின்வரும் ஐந்து செயல்களுக்கு மட்டுமே.

1. புதிய ஆவணத்தை உருவாக்கு
2. தலைப்பைச் சேர்
3. பந்தியைச் சேர்
4. அட்டவணையைச் சேர்
5. கோப்பாகச் சேமி

ஐந்தாம் செயல் நடைபெறும் வரை ஆவணம் கணினியின் பிரதான நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சேமிக்கும் கட்டளையின்போதுதான் எக்ஸ்எம்எல் கோப்புகள் எழுதப்பட்டுப் பொதியாகக் கட்டப்படுகின்றன. சேமிக்க மறந்தால் ஆவணம் இல்லை.

நூலகத்தினாற் செய்ய முடியாத ஒன்றையும் அறிந்து கொள்க. டொக்ஸ் ஆவணம் எத்தனை பக்கம் என்பதைப் பைதன்-டொக்ஸ் அறியாது. வரிகளைப் பக்கங்களாகப் பிரிப்பது ஆவணத்தைத் திறக்கும் வேர்ட் மென்பொருளின் வேலை. எழுத்துரு மாறினாற் பக்கப் பிரிப்பும் மாறும்.

5. போலிக் குறிமுறை

முன்னேற்றக் கடிதம் ஆக்கும் படிமுறையைப் போலிக் குறிமுறையில் எழுதுவோம். தரவு, ஒரு விரிதாளில் நிரைக்கு ஒரு மாணவராக உள்ளது எனக் கொள்க.

தொடங்கு
பட்டியல் = விரிதாளிலிருந்து வாசித்த பதிவுகள்
எண்ணிக்கை = பட்டியலிலுள்ள பதிவுகளின் தொகை
பட்டியலிலுள்ள ஒவ்வொரு மாணவருக்கும்
.... ஆவணம் = புதிய ஆவணம்
.... ஆவணத்தில் தலைப்புச் சேர்: "தவணைப் பரீட்சை முன்னேற்றக் கடிதம்"
.... ஆவணத்திற் பந்தி சேர்: மாணவரின் பெயர், சுட்டெண்
.... ஆவணத்தில் அட்டவணை சேர்: பாடங்கள், புள்ளிகள்
.... சராசரி < 35 எனின்
........ பந்தி சேர்: "மேலும் பயிற்சி தேவை. வகுப்பாசிரியரைச் சந்திக்கவும்."
.... இன்றேல்
........ பந்தி சேர்: "முயற்சியைத் தொடர்க."
.... எனின் முடிவு
.... ஆவணத்தைச் சேமி: கோப்பின் பெயர் = மாணவரின் பெயர்
மீள்செயல் முடிவு
முடி

இதில் கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள் மூன்றும் உள்ளன. கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தொடரி. சராசரியைப் பார்த்து இரண்டிலொரு பந்தியைச் சேர்ப்பது தெரிவு. ஒவ்வொரு மாணவருக்கும் திரும்பச் செய்வது மீள்செயல்.

இப்போது வாசிப்பதைச் சற்று நிறுத்துங்கள். மேலுள்ள போலிக் குறிமுறையில் ஒரு வழு உண்டு. பென்சிலால் அதன் கீழ்க் கோடிட்ட பின் தொடருங்கள்.

6. வழு எங்கே?

மேலே உள்ளது நான் முதன்முதலில் எழுதிய செய்நிரலின் வடிவமே. அதனை இயக்கியபோது திரையில் எந்த வழுச்செய்தியும் தோன்றவில்லை. ஒரு நிமிடத்திற்குள் கோப்புறை நிறையக் கடிதங்கள். அச்சிட்டேன், மடித்தேன், வகுப்பிற் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். எல்லோரும் எழுந்து போன பின்பு ஒரு பிள்ளை மட்டும் வாங்கிலேயே இருந்தாள்.

"ரீச்சர், எனக்குக் கடிதம் இல்லையா?"

முன்னைய ஆண்டு 28 என்ற கடிதம் போனது எந்தப் பிள்ளைக்கோ, அதே பிள்ளை.

வீட்டிற்கு வந்து கோப்புறையை எண்ணிப் பார்த்தேன். மாணவர்கள் 140, கோப்புகள் 139. கோப்பின் பெயராக மாணவரின் பெயரை இட்டிருந்தேன். ஒரு கோப்புறையினுள் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருக்க முடியாது. ஆகவே பட்டியலில் முதலில் வந்தவளின் கடிதம் சேமிக்கப்பட்டது. பின்னர் அதே பெயருடைய இரண்டாமவளின் கடிதம் சேமிக்கப்பட்டபோது முதற் கடிதத்தின் மேல் எழுதப்பட்டது. கையாற் செய்தபோது நேர்ந்த தவறும் செய்நிரலில் நேர்ந்த தவறும் பார்வைக்கு வேறானவை. ஆனால் வேர் ஒன்றே. ஒருவரைப் பெயரால் மட்டும் இனங்கண்டதே அந்த வேர்.

தரவுத்தள அலகில் முதன்மைச் சாவி பற்றிக் கற்றீர்கள். ஓர் அட்டவணையின் ஒவ்வொரு பதிவையும் தனித்துவமாக இனங்காணும் புலம் முதன்மைச் சாவி எனப்படும். பெயர் முதன்மைச் சாவியாகாது, சுட்டெண் ஆகும். இதனை நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவள். பரீட்சைக்கான விடையாக மட்டும் அதனை வைத்திருந்தேன். எனது சொந்த வேலையில் அதனை எடுத்துப் பயன்படுத்தவில்லை.

திருத்தம் இரண்டு வரிகள்தான்.

திருத்தம் 1: ஆவணத்தைச் சேமி: கோப்பின் பெயர் = மாணவரின் சுட்டெண்
திருத்தம் 2: மீள்செயல் முடிந்த பின், கோப்புறையிலுள்ள கோப்புகளின் தொகை எண்ணிக்கைக்குச் சமனன்று எனின் "வழு: கடிதங்கள் குறைகின்றன" எனக் காட்டு

இரண்டாம் திருத்தத்தில் ஒரு நுட்பம் உண்டு. மீள்செயலினுள் ஒரு மாறியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் அது 140 என்றே காட்டும். ஏனெனிற் சேமிக்கும் கட்டளை 140 தடவை நடைபெற்றது உண்மை. கோப்புறையில் எஞ்சிய கோப்புகளை எண்ணினாற் மட்டுமே 139 என்பது தெரியவரும். செய்த வேலையை எண்ணுவது வேறு, கிடைத்த பயனை எண்ணுவது வேறு. பழைய கோப்புகள் சேர்ந்து எண்ணிக்கை பிழைக்காதிருக்க, தொடங்கு முன் கோப்புறை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தொடரியல் வழு இருப்பின் செய்நிரல் இயங்காது; கணினியே சொல்லிவிடும். தருக்க வழு இருப்பின் செய்நிரல் நன்றாக இயங்கும். பெறுபேறு மட்டும் பிழைக்கும். மேலே கண்டது தருக்க வழுவாகும்.

பஸ்காலிலிருந்து பைதனுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டிய இன்னொரு தருக்க வழு: பஸ்காலில் 0 இலிருந்து 139 வரை என மீள்செயலை எழுதினால் 139 உம் சேரும். பைதனின் வீச்சுச் சார்பில் இறுதி எண் சேராது. ஆகவே 0, 139 எனக் கொடுத்தாற் 139 தடவை மட்டுமே இயங்கி, கடைசி மாணவர் விடுபடுவார். 0, 140 எனக் கொடுக்க வேண்டும்.

7. வார்ப்புரு முறை

கடிதத்தின் அழகிய வடிவத்தைச் செய்நிரலில் வரிவரியாக எழுதுவது சலிப்பானது. ஆகவே பலர் வேர்ட்டிற் கடிதத்தை ஒருமுறை வடிவமைத்து, பெயர் வரவேண்டிய இடத்தில் ##பெயர்## என்பது போன்ற இடங்காட்டியை இட்டு வைப்பர். செய்நிரல் அதனைத் தேடிக் கண்டு உண்மைப் பெயரை இடும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஓட்டம் என்ற சொல்லை நினைவுபடுத்துங்கள். நாம் ##பெயர்## எனத் தொடர்ச்சியாகத் தட்டச்சுச் செய்ததாக நினைப்போம். இடையிலே திருத்தியிருந்தாலோ எழுத்துருவை மாற்றியிருந்தாலோ வேர்ட் அதனை ## என ஓர் ஓட்டமாகவும் பெயர்## என இன்னோர் ஓட்டமாகவும் சேமித்திருக்கக்கூடும். திரையில் வேறுபாடு தெரியாது. செய்நிரல் ஒவ்வோர் ஓட்டமாகத் தேடும்போது முழு இடங்காட்டியும் எந்த ஓட்டத்திலும் அகப்படாது. விளைவாக ##பெயர்## என்பதே அச்சாகி வீட்டுக்குப் போகும்.

தவிர்க்கும் வழி: இடங்காட்டியை அழித்து, ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல் மீண்டும் தட்டச்சுச் செய்க. கடிதங்களை ஆக்கிய பின் ## என்ற குறி எந்தக் கோப்பிலாவது எஞ்சியுள்ளதா எனச் செய்நிரலைக் கொண்டே தேடுக.

மெயில் மேர்ஜ் என நீங்கள் அறிந்த அஞ்சல் ஒன்றிணைப்பும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். வடிவம் ஓரிடம், தரவு வேறிடம். ஒருமுறை மட்டும் 140 கடிதம் தேவையெனின் அஞ்சல் ஒன்றிணைப்பே இலகுவானது. செய்நிரல் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு தவணையும் செய்ய வேண்டும், நிபந்தனைகள் பல உண்டு, மாணவருக்கு மாணவர் அட்டவணையின் நிரைகள் வேறுபடும், ஆளுக்கொரு தனிக் கோப்பு வேண்டும் எனின் நூலகம் பொருத்தமானது.

8. பிடிஎஃப் ஆவணம்

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டது. 2008 இல் அது சர்வதேச நியமமாகியது. டொக்ஸ் ஆவணத்தில் "இது ஒரு பந்தி" என்று மட்டும் எழுதப்படும். அது பக்கத்தில் எங்கே விழும் என்பதைத் திறக்கும் மென்பொருள் தீர்மானிக்கும். பிடிஎஃப் ஆவணத்தில் எழுத்து பக்கத்தின் எந்தப் புள்ளியில் விழ வேண்டும் என்பதே எழுதப்படும். ஆகவே அது எந்தக் கணினியிலும் ஒரேமாதிரித் தோன்றும். ஆனால் திருத்துவது கடினம்.

பிடிஎஃப் பக்கம் கணிதத்தில் நீங்கள் அறிந்த ஆள்கூற்றுத் தளம் போன்றது. இயல்பாக உற்பத்தி கீழ் இடது மூலையில் இருக்கும். ஓர் அங்குலம் 72 அலகுகள். ஏ4 தாள் ஏறத்தாழ 595 அலகு அகலமும் 842 அலகு உயரமும் உடையது.

உதாரணம்: ஏ4 தாளின் மேல் விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே தலைப்பை இட வேண்டும் எனின், நிலைக்குத்து ஆள்கூறு = 842 − (2 × 72) = 698.

ரிப்போர்ட்லாப் போன்ற நூலகத்தில் இவ்வாறு ஆள்கூறு கொடுத்தும் எழுதலாம். பந்திகளைக் கொடுத்து அடுக்கும் வேலையை நூலகத்திடமே விடவும் செய்யலாம்.

9. தமிழில் ஆக்கும்போது

இப்பகுதி ஆங்கில வழிகாட்டிகளிற் பெரும்பாலும் இராது. எமக்கோ இது அவசியமானது.

(அ) குறிமுறை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அ' எனத் திரையில் தெரியும் இடத்தில் கோப்பில் இருப்பது 109 என்ற எண். அது ஆங்கிலச் சிறிய எழுத்து எம் இற்குரியது. எழுத்துருவே அதற்குத் தமிழ் வேடம் போடுகின்றது. அத்தகைய பெயர்ப்பட்டியலை நூலகத்திற்குக் கொடுத்தால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் விளங்காத ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குகுறியில் 'அ' இன் எண் 2949. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே தரவை முதலில் ஒருங்குகுறிக்கு மாற்றுக.

(ஆ) எழுத்துரு அமைப்பு: டொக்ஸ் நியமத்தில் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ் உட்படச் சிக்கல் வரிவடிவங்களுக்கு இன்னொன்று என எழுத்துருவும் எழுத்தளவும் வெவ்வேறு ஒட்டுகளிலும் பண்புகளிலும் சேமிக்கப்படும். பைதன்-டொக்ஸில் வழக்கமான முறையில் எழுத்தளவை மாற்றினால் ஆங்கிலத்திற்குரியது மட்டுமே மாறும். தமிழ் எழுத்து பழைய அளவிலேயே நிற்கும். இலகுவான தீர்வு: வேர்ட்டில் தமிழ் எழுத்துருவையும் அளவையும் சரியாக அமைத்த வெற்று ஆவணமொன்றைச் சேமித்து, அதனை அடிப்படையாகக் கொண்டு புதிய ஆவணத்தை ஆக்குக.

(இ) எழுத்து வடிவம்: 'கொ' என்பது ஒருங்குகுறியில் 2965, 3018 என்ற இரு எண்களாகச் சேமிக்கப்படும். முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆனால் காகிதத்தில் ஒற்றைக் கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் விழ வேண்டும். இந்த ஒழுங்கமைப்பை வடிவமைப்புப் பொறி எனும் மென்பொருட் பகுதி செய்கின்றது. டொக்ஸ் ஆவணத்தில் வேர்ட் இதனைச் செய்துவிடும். பிடிஎஃப் ஆக்கும் நூலகத்தில் அப்பொறி இணைக்கப்படாவிடின் கொம்பு இடம் மாறி விழும். ஆகவே அச்சிடுமுன் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய ஆறையும் கொண்ட சோதனை வரியொன்றை ஆக்கிப் பாருங்கள். ஒருவரின் பெயரைச் சிதைத்து அச்சிடுவதிலும் கடிதத்தைப் பிந்தி அனுப்புவது மேல்.

10. அச்சிடுமுன் நான்கு சோதனைகள்

1. ஆக்கப்பட்ட கோப்புகளை எண்ணுக. பதிவுகளின் தொகைக்குச் சமனாக இருத்தல் வேண்டும்.
2. பட்டியலின் முதலாமவர், கடைசியாமவர், ஒரே பெயருடையோர் ஆகியோரின் கடிதங்களைத் திறந்து மூலப் புள்ளிப் பட்டியலுடன் ஒப்பிடுக.
3. நிபந்தனையின் எல்லையிலுள்ளவரைப் பார்க்க. சராசரி 35 பெற்றவருக்கும் 34 பெற்றவருக்கும் உரிய குறிப்புகள் சரியாக வந்துள்ளனவா?
4. இடங்காட்டிகள் எஞ்சியுள்ளனவா, தமிழ் எழுத்துகள் ஒழுங்காக உள்ளனவா எனப் பார்க்க.

நான்கிற்கும் பத்து நிமிடம் போதும். கையாற் செய்யும்போது ஒரு தவறு ஒரு கடிதத்தைக் கெடுக்கும். செய்நிரலில் ஒரு தவறு 140 கடிதங்களையும் கெடுக்கலாம். அல்லது ஒருவரை மட்டும் சத்தமின்றி விட்டுவிடலாம். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

11. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: செய்நிரல் நூலகம் ஒன்றைப் பயன்படுத்துவதன் அனுகூலங்கள் இரண்டு தருக.
விடை: நேரமும் உழைப்பும் மீதமாகும், ஏற்கனவே சோதிக்கப்பட்ட உபசெய்நிரல்களாதலால் வழுக்கள் குறையும்.

வினா 2: டொக்ஸ் கோப்பை வேர்ட் நிறுவப்படாத கணினியிலும் செய்நிரலால் ஆக்க முடிவது ஏன்?
விடை: அதன் அமைப்பு வெளியிடப்பட்ட நியமமொன்றின்படி அமைந்த எக்ஸ்எம்எல் கோப்புகளின் சிப் பொதியாகும். நியமத்தைப் பின்பற்றும் எச்செய்நிரலும் அதனை எழுதலாம்.

வினா 3: 60 பதிவுகளுக்குக் கடிதம் ஆக்கிய செய்நிரல் வழுச்செய்தி எதுவுமின்றி முடிவடைந்தது. கோப்புறையில் 58 கோப்புகளே இருந்தன. (அ) இது எவ்வகை வழு? (ஆ) பொருத்தமான காரணமொன்றைத் தருக. (இ) திருத்தத்தைக் கூறுக.
விடை: (அ) தருக்க வழு. (ஆ) கோப்பின் பெயராகத் தனித்துவமற்ற புலம் பயன்படுத்தப்பட்டதால் சில கோப்புகள் மேலெழுதப்பட்டன. (இ) முதன்மைச் சாவியைக் கோப்பின் பெயராகக் கொள்க.

வினா 4: ஏ4 பிடிஎஃப் பக்கத்தில் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே ஒரு வரி எழுதப்பட வேண்டும். பக்க உயரம் 842 அலகு எனின் நிலைக்குத்து ஆள்கூறு யாது?
விடை: 842 − (3 × 72) = 842 − 216 = 626.

நினைவிற் கொள்க

• வடிவத்தையும் தரவையும் வேறாக வைத்திருக்க.
• பெயரால் அல்ல, முதன்மைச் சாவியால் இனங்காண்க.
• டொக்ஸ் என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளின் சிப் பொதி. பிடிஎஃப் என்பது இடம் குறிக்கப்பட்ட பக்கம்.
• வழுச்செய்தி வரவில்லை என்பது விடை சரி என்பதற்குச் சான்றாகாது.
• ஆக்கியதை எண்ணிப் பார்க்காமல் அச்சிடாதீர்கள்.

மாணவர்களே, அந்தப் பிள்ளையின் கடிதத்தை அன்றிரவே தனியாக ஆக்கி, மறுநாட் காலை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று முதல் எனது செய்நிரலின் கடைசி வரி எண்ணிப் பார்க்கும் வரியாகவே இருந்து வருகின்றது. பரீட்சை மண்டபத்திலும் இவ்வழக்கம் உங்களுக்கு உதவும். விடைத்தாளைக் கட்டுமுன் வினா இலக்கங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் முயற்சி சித்தியடைய வாழ்த்துகள்.